காகிதத்தில் கனப்பொருள்

நீர் இறைக்கும் பம்பு ஒன்றின் புகைப்படத்தை, அது எத்தனை துல்லியமாக எடுக்கப்பட்டதாயினும் சரி, வார்ப்படப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, இதே போல ஒன்று வார்த்துக் கடைந்து கொடுங்கள் என்று கேட்போமாயின், அங்குள்ள மேஸ்திரி அப்படத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "டிராயிங் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றுதான் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. புகைப்படத்தில் பம்பு பம்பாகவே தெரிகிறது; ஆனால் அதன் உள்வட்டம் எத்தனை மில்லிமீட்டர், பின்புறத்துத் துளை எந்த இடத்தில், சுவரின் கனம் எவ்வளவு என்ற கேள்விகளுள் ஒன்றுக்கேனும் அதனிடம் விடை இல்லை. மேஸ்திரி கேட்கும் டிராயிங்கிலோ, பழகாத கண்ணுக்குப் பம்பே தெரியாது, ஒன்றன்கீழ் ஒன்றும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றுமாக, வட்டங்களும் செவ்வகங்களும் விட்டுவிட்டு ஓடும் கோடுகளும் நிறைந்த மூன்று தட்டை உருவங்கள் தெரியும், அவ்வளவே. பொருளைப் போலத் தோன்றவேண்டும் என்ற ஆசையைச் சித்திரம் எப்போது துறந்ததோ, அப்போதுதான் அது பொருளை உண்டாக்கும் கட்டளையாயிற்று. அந்தத் துறவுக்குச் சாஸ்திரம் வகுத்தவர் வரலாறும், அதில் இன்றளவும் தீராமல் நிற்கும் ஒரு வழக்கும், பொறியாளர் அல்லாதவர்களும் அறிந்துகொள்ளத் தக்கவை.

நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று பரிமாணங்களும் கொண்ட பொருளை, இரண்டே பரிமாணமுள்ள தாளில் இறக்கவேண்டுமானால், ஏதேனும் ஒன்றை இழந்தே தீரவேண்டும். எதை இழப்பது, எதைக் காப்பது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன. இரவில் விளக்கின் முன் கையைக் காட்டினால் சுவரில் விழும் நிழல், கை விளக்கை நெருங்க நெருங்கப் பெருத்தும் விலக விலகச் சிறுத்தும் காண்கிறது. ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கிரணங்கள் விரிந்துகொண்டே செல்வதுதான் காரணம். உச்சி வெயிலில் தரைக்குச் சமமாகப் பிடித்த ஒரு தட்டோ, உயர்த்திப் பிடித்தாலும் தாழ்த்திப் பிடித்தாலும் ஒரே அளவான நிழலைத் தருகிறது. சூரியன் அத்தனை தொலைவில் இருப்பதால் அதன் கிரணங்கள் இணைகோடுகளாகவே நம்மை வந்தடைகின்றன. ஓவியர்கள் கையாளும் முறை விளக்கு நிழலின் வகை. பொறியாளர்கள் கையாளுவது வெயில் நிழலின் வகை. பொருளின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் தாளுக்கு நேர்க்குத்தாகக் கோடுகளை இறக்கி, அவை தாளைத் தொடும் இடங்களை இணைத்தால் கிடைக்கும் உருவத்தைத்தான் நம் மாணவர்கள் ஆர்த்தோகிராஃபிக் ப்ரொஜெக்ஷன் என்ற பெயரில் படிக்கிறார்கள்.

இவ்விரண்டினுள் ஓவியர்களின் முறையே முதலில் முதிர்ந்தது. 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃபிளாரன்ஸ் நகரத்துப் புரூனெல்லெஸ்கி அதைச் செய்து காட்டினார். 1435-இல் ஆல்பெர்ட்டி அதற்கு இலக்கணம் எழுதினார். தொலைவிலுள்ளது சிறுத்து, இணையான வரிகள் அடிவானத்தில் ஒரு புள்ளியில் கூடும் அந்தச் சித்திரங்கள் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் ஒரே அளவான நான்கு கால்களும் நான்கு நீளமாக வரையப்பட்ட மேசைப் படத்தை வைத்துக்கொண்டு எந்தத் தச்சரும் மரம் அறுக்கமாட்டார்.

மேலிருந்து ஒன்று, எதிரிலிருந்து ஒன்று என இரண்டு உருவங்களாகப் பொருளைப் பிரித்து எழுதும் வழக்கமும் புதிதன்று. ரோமானியக் கட்டடக்கலை ஆசிரியரான விட்ருவியஸ் இவ்விரண்டையும் வெவ்வேறு பெயரிட்டுக் குறிப்பிட்டிருக்கிறார். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர், 1525-இல் வெளியிட்ட தமது அளவை நூலில், ஒரு கூம்பைச் சாய்வாக வெட்டினால் கிடைக்கும் நீள்வட்டத்தை இம்முறையாலேயே புள்ளி புள்ளியாக வரைந்து காட்டினார். முறை சரியானதே, ஆனால் கூம்பு கீழே அகன்றிருப்பதால் வெட்டுமுகமும் கீழ்ப்பக்கம் அகன்றே தீரும் என்று அந்த மகா கலைஞர் எண்ணிவிட்டாரோ என்னவோ, அவர் வரைந்த நீள்வட்டம் முட்டை வடிவமாக அமைந்துவிட்டது. கல்தச்சர்களும் தம் பங்குக்கு இவ்வித்தையை வளர்த்தார்கள். கமான் ஒன்றில் அமரும் ஒவ்வொரு கல்லும் வெவ்வேறு சாய்வுள்ள முகங்களைக் கொண்டது. அதைச் செதுக்குவதற்கு முன்னரே ஒவ்வொரு முகத்தின் உண்மை வடிவமும் தெரிந்திருக்கவேண்டும். பிரான்சு தேசத்தில் இதுபற்றி ஃப்ரெஸியே என்பவர் 1737 முதல் பெரிய பெரிய நூல்களாகவே எழுதி வெளியிட்டார். ஆயினும் கமானுக்கு ஒரு யுக்தி, மாடிப்படிக்கு ஒரு யுக்தி, கூரைக்கு ஒரு யுக்தி என்று தொழிலுக்குத் தொழில் அறிவு சிதறிக் கிடந்ததே தவிர, அனைத்தையும் ஒரு சூத்திரத்தில் கோக்கும் சாஸ்திரம் பிறக்கவில்லை.

அதைப் பிறப்பித்தவர் கஸ்பார் மோன்ஜ். பர்கண்டி பிரதேசத்தில் போன் என்னும் ஊரில், 1746-இல், ஒரு சிறு வியாபாரியின் மகனாகப் பிறந்த இவர், இருபது வயது நிரம்புமுன்பே, அளவைக் கருவிகளையும் தாமே செய்துகொண்டு, தம் ஊரின் வரைபடம் ஒன்றைப் பெரிய அளவில் வரைந்தார். அதைக் கண்ட ராணுவப் பொறியியல் அதிகாரி ஒருவர், மெஸியேர் நகரத்திலிருந்த ராணுவப் பொறியியல் கல்லூரிக்கு இவரைச் சிபாரிசு செய்தார். அந்நாளில் அக்கல்லூரியின் மாணவர் வரிசையில் இடம்பெறப் பிரபு வம்சத்தில் பிறந்திருக்கவேண்டும். அறிவு எத்தனை இருந்தாலும் பிறப்பு போதாது. ஆகவே மோன்ஜுக்குக் கிடைத்தது, பிரபு குமாரர்கள் சாந்து குழைக்கும் பிரிவு என்று பரிகசித்த துணைப் பிரிவில், படம் வரைந்து மாதிரி செய்யும் ஊழியம்தான்.

கோட்டை கட்டுவதில் ஒரு கணக்கு உண்டு. அக்கம்பக்கத்துக் குன்றுகளில் பகைவன் பீரங்கியோடு எங்கே ஏறி நின்றாலும், கோட்டைக்குள் இருக்கும் வீரர்மேல் அவன் பார்வையோ குண்டோ நேராகப் படாதவாறு மதில்கள் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் எழவேண்டும் என்பதே அது. நூற்றுக்கணக்கான புள்ளிகளின் உயரங்களை அளந்து, நாட்கணக்கில் கூட்டியும் பெருக்கியும் விடை காண்பது அப்போதைய சம்பிரதாயம். மோன்ஜிடம் இவ்வேலை ஒப்படைக்கப்பட்டபோது, அவர் எண்களைத் தள்ளி வைத்துவிட்டு, குன்றையும் கோட்டையையும் இரண்டு தளங்களில் வரைந்து, கோடுகளாலேயே விடையைக் கண்டுபிடித்து, எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். மேலதிகாரி அதைப் பார்க்கவே மறுத்துவிட்டாராம். முறைப்படி கணக்குப் போட்டிருந்தால் இத்தனை விரைவில் முடிந்திருக்காது, ஆகவே விடை தவறாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவருடைய தர்க்கம். பின்னர் சோதித்துப் பார்த்து, விடை சரி என்று கண்டதும், மதிப்பு மாறியது; மோன்ஜ் ஆசிரியரானார். அத்தோடு வேறொன்றும் நிகழ்ந்தது: இம்முறையை வெளியார் எவருக்கும் சொல்லலாகாது என்று ராணுவம் தடை விதித்தது. பகைவருக்கும் கோட்டைகள் உண்டல்லவா!

அந்த ரகசியம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காக்கப்பட்டது. புரட்சி வந்து, மன்னர் ஆட்சி போய், புதுக் குடியரசு தன் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப் பாரிசில் தொடங்கிய எகோல் நார்மல் என்னும் கல்லூரியில், 1795-இல்தான், மோன்ஜ் தம் வித்தையைப் பகிரங்கமாகப் போதித்தார். அவ்வுபந்நியாசங்கள் 1799-இல் நூலாயின. பீரங்கி வார்க்கும் தொழிலைப் பற்றியும் நூல் எழுதியவர், கடற்படை மந்திரியாக இருந்தவர், நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்தவர் என்ற பெருமைகளெல்லாம் அவருக்கு உண்டு. மன்னர் ஆட்சி திரும்பியபோது அறிஞர் சபையிலிருந்து நீக்கப்பட்ட அவமானமும் உண்டு. ஆனால் உலகெங்கும் டிராயிங் பலகைமேல் குனிந்திருந்த தலைகள் அத்தனையும் அறிந்தோ அறியாமலோ அவருக்குக் கடன்பட்டவை. அவரது கல்லூரி மரபில் பயின்ற குரோஸே என்பவர் அமெரிக்காவுக்குச் சென்று, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் இதைப் போதித்து, 1821-இல் ஆங்கிலத்தில் பாடநூலும் எழுதினார்.

மோன்ஜின் உபாயம் இதுதான். தரையாக ஒரு தளம், சுவராக ஒரு தளம். இரண்டும் செங்கோணத்தில் ஒரு ரேகையில் சந்திக்கின்றன. ஆகாயத்திலுள்ள எந்தப் புள்ளியிலிருந்தும் தரைக்கு ஒரு குத்துக்கோடும் சுவருக்கு ஒரு குத்துக்கோடும் போட்டால், தரையில் ஒரு புள்ளியும் சுவரில் ஒரு புள்ளியும் கிடைக்கும். இவ்விரண்டும் தெரிந்தால் முதற்புள்ளியின் இருப்பிடம் ஐயமின்றி நிச்சயமாகிவிடும். பிறகு, இரு தளங்களும் கூடும் ரேகையைக் கீலாக வைத்து, தரையைச் சுவரோடு ஒரே தளமாகும்படி கீழே திருப்பிவிட்டால், கனப்பொருள் முழுவதும் ஒரே தாளில் படிந்துவிடுகிறது. தரையில் விழுந்தது பிளான் என்னும் மேல்தோற்றம். சுவரில் விழுந்தது எலிவேஷன் என்னும் முன்தோற்றம். முன்பு தனித்தனிப் படங்களாக நின்றவற்றை ஒரு கீலால் பிணைத்து, ஒன்றின்மேல் செய்யும் எந்தக் காரியத்துக்கும் மற்றொன்றில் நிகழும் மாறுதலை விதியாகச் சொன்னதே அவர் செய்த பெருங்காரியம்.

இதன் சக்தியை ஓட்டு வீட்டுக் கூரையில் காணலாம். நான்கு புறமும் சாய்ந்த கூரையில், சுவர் மூலையிலிருந்து முகட்டை நோக்கி ஏறும் மூலைக் கைமரத்தை எடுத்துக்கொள்வோம். அது தரையில் 4 மீட்டர் தூரத்தைக் கடந்து, 3 மீட்டர் உயர்கிறது. இரு சுவர்களுக்கும் நடுவே 45 பாகை திசையில் செல்கிறது. மேல்தோற்றத்தில் அளந்தால் அக்கைமரம் 4 மீட்டர். முன்தோற்றத்தில் அளந்தால் ஏறக்குறைய 4.12 மீட்டர். இரண்டும் பொய். உண்மையில் மரம் 5 மீட்டர் வேண்டும். எந்தத் தளத்துக்கும் இணையாக இல்லாத கோடு எல்லாத் தளத்திலும் குறுகியே விழும் என்பதால் வந்த வினை இது. மேல்தோற்றத்தில் அக்கோட்டை ஒரு முனையில் நிறுத்தி, சுவருக்கு இணையாகும் வரை கவராயத்தால் சுழற்றி, அதற்கேற்ப முன்தோற்றத்தில் திரும்ப வரைந்தால், 5 மீட்டர் அப்படியே வந்து நிற்கும். பெருக்கலும் வர்க்கமூலமும் தெரியாத தச்சரும் செய்யக்கூடிய காரியம்.

இரண்டு தோற்றங்கள் எல்லாப் பொருளுக்கும் போதுமா என்றால், போதா. மேலிருந்து பார்த்தால் வட்டமும் எதிரிலிருந்து பார்த்தால் சதுரமுமாக உள்ள ஒரு பொருள் எது என்று கேட்டால், உருளை என்று யாரும் சொல்வார்கள். உருளையாகவும் இருக்கலாம், ஆனால் அடியில் வட்டமாகத் தொடங்கி, மேலே போகப் போக இருபுறமும் ஒடுங்கி, உச்சியில் ஒரே கோடாக முடியும் ஆப்புப் போன்ற உருவமும் அதே மேல்தோற்றத்தையும் அதே முன்தோற்றத்தையும் தரும், பக்கத்திலிருந்து பார்த்தால் மட்டுமே அது முக்கோணமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். 17-ஆம் நூற்றாண்டில் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர், கப்பல் தச்சர்களுக்குப் பயன்படுமென்று இவ்வுருவத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். மூன்றாவதாகப் பக்கத்தோற்றம் ஒன்றை வரைவதன் அவசியம் இதனால் விளங்கும். சாய்ந்த முகமுள்ள பொருளுக்கு மூன்றும் போதாமல், அம்முகத்துக்கு நேரெதிராக நின்று பார்ப்பது போன்ற துணைத்தோற்றம் ஒன்றையும் சேர்ப்பதுண்டு.

கோடுகளுக்கும் ஒரு பாஷை உண்டு. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு முழுக்கோடு. மறைந்திருப்பது விட்டுவிட்டு ஓடும் கோடு. வட்டத்தின் மையத்தைக் குறிப்பது நீண்டும் குறுகியும் மாறிவரும் சங்கிலிக் கோடு. உட்புறம் சிக்கலாக இருந்தால், பொருளை மனத்தால் வாளிட்டு அறுத்து, அறுபட்ட முகத்தைச் சாய்வுக் கோடுகளால் நிரப்பிக் காட்டுவார்கள். இங்கே எனக்கு மிகவும் பிடித்த விநோதம் ஒன்று இருக்கிறது. ஒரு தாங்கியின் வலுவுக்காக அமைத்த மெல்லிய விலா ஒன்று நீளவாக்கில் அறுபட்டால், விதிப்படி அதையும் கோடுகளால் நிரப்பவேண்டும்; ஆனால் நிரப்பமாட்டார்கள். நிரப்பினால் அவ்விடம் முழுவதும் கெட்டி உலோகம் என்று பார்ப்பவர் மயங்குவார். ஆகவே அறுபடாதது போலவே விட்டுவிடுவார்கள். போல்ட்டுகளும் தண்டுகளும்கூட இவ்வாறே நீளவாக்கு வெட்டிலிருந்து விலக்குப் பெற்றவை. பொருளைச் சரியாகச் செய்வதற்காக, எல்லோரும் உடன்பட்டுச் சொல்லும் பொய் இது.

இனி அந்தத் தீராத வழக்கு. தரைத்தளமும் சுவர்த்தளமும் இருபுறமும் நீண்டு ஒன்றையொன்று வெட்டிச் சென்றால், வெளி நான்கு கோணங்களாகப் பிரிகிறது. தரைக்கு மேலும் சுவருக்கு முன்னும் உள்ளது முதற்கோணம். தரைக்குக் கீழும் சுவருக்குப் பின்னும் உள்ளது மூன்றாங்கோணம். இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருளை வைத்தால், தளத்தைத் திருப்பும்போது இரு தோற்றங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். ஆகவே அவை ஆகா. மீதி இரண்டில், முதற்கோண முறையில் பொருள் பார்ப்பவருக்கும் தளத்துக்கும் நடுவே நிற்கிறது; மேல்தோற்றம் முன்தோற்றத்தின் கீழே வருகிறது; இடப்புறமிருந்து கண்டது வலப்புறத்தில் அமைகிறது. மூன்றாங்கோண முறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்து வெளியே நின்று கண்ணாடிமேல் வரைவது போல, தளம் நடுவே நிற்கிறது. மேல்தோற்றம் மேலேயே வருகிறது. இடப்புறம் கண்டது இடப்புறத்திலேயே அமைகிறது.

ஐரோப்பா மோன்ஜ் வழியில் முதற்கோணத்தைப் பற்றிக்கொண்டது. அமெரிக்கா 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றாங்கோணத்துக்கு மாறிவிட்டது. நம் நாட்டில், பள்ளி கல்லூரிகளின் வரைபடப் பயிற்சிக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டுள்ள எஸ்.பி. 46 என்னும் கையேடு முதற்கோணத்தையே விதிக்கிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பார்த்த இடத்திலேயே பார்த்ததை வைக்கும் மூன்றாங்கோணமே புத்திக்கு இயல்பானது. முதற்கோணத்துக்குப் பூர்விகம் ஒன்றுதான் பலம். ஆனால் இரண்டில் எது சிறந்தது என்பதைவிட, கையிலுள்ள படம் இரண்டில் எது என்பதே பட்டறையில் முக்கியம். இருபுறமும் ஒத்த பொருளாயின் தவறாகப் படித்தாலும் தீங்கில்லை. ஒத்திராத தாங்கி ஒன்றின் படத்தை மாற்றிப் படித்துவிட்டால், அளவுகள் அத்தனையும் சரியாக இருக்க, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலப் பக்கம் மாறிய உருப்படி வந்து சேரும். அளவு தவறினால் அராவிச் சரிசெய்ய இடமுண்டு. பக்கம் தவறினால் உருக்கத்தான் வேண்டும்.

இத்தகைய படங்களைப் படிக்கத் தெரியாதவர்க்கும் பொருளைக் காட்டவேண்டிய சமயங்கள் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ், யந்திரங்களைப் பற்றிய தம் உபந்நியாசங்களுக்காக, பொதுவான சக்கரங்களையும் தண்டுகளையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு யந்திரமாக மாதிரிகளைப் பூட்டிப் பிரித்து வந்தார். பூட்டும் உதவியாளர்களுக்குக் காட்ட எளிய படம் தேவைப்பட்டது. 1822-இல் அவர் வெளியிட்ட ஐசோமெட்ரிக் முறை அவ்வாறு பிறந்தது. கனசதுரம் ஒன்றை அதன் மூலைவழியே நோக்கினால், மூன்று திசை விளிம்புகளும் ஒன்றுக்கொன்று 120 பாகையில், ஒரே விகிதத்தில் குறுகித் தெரியும். 100 மில்லிமீட்டர் விளிம்பு ஏறக்குறைய 82 மில்லிமீட்டராகும். மூன்றும் ஒரே அளவில் குறுகுவதால், குறுக்கத்தையே மறந்துவிட்டு, முழு அளவிலேயே வரைந்துவிடுவது பழக்கம். பொருளைப் போலவும் தோன்றி, மூன்று திசைகளில் அளக்கவும் இடங்கொடுக்கும் சமரசம் இது. சமரசங்களுக்குரிய குறையும் உண்டு: வட்டங்கள் நீள்வட்டமாகும், அம்மூன்று திசை தவிர்ந்த கோடுகளின் அளவு நம்பத் தக்கதன்று. அதனால்தான் இது விளக்கப் புத்தகங்களிலும் குழாய் வேலைப் படங்களிலும் தங்கியது. செய்கைக்கான படம் மோன்ஜின் முறையிலேயே நின்றது.

பலகையும் டீ ஸ்கொயரும் இப்போது கணினித் திரைக்கு இடம்விட்டன. 1963-இல் மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட், திரையின்மேல் ஒளிப்பேனாவால் வரையும் ஸ்கெட்ச்பேட் என்னும் ஏற்பாட்டைச் செய்து காட்டினார்; அதை முப்பரிமாணத்துக்கு விரித்த டிமதி ஜான்சன், திரையில் ஒரு பொருளின் மூன்று தோற்றங்களையும் ஓவியர் முறைத் தோற்றம் ஒன்றையும் ஒருங்கே வைத்தார். இன்று கனவடிவத்தையே கணினியில் செதுக்கி, வேண்டிய தோற்றத்தை ஒரு சொடுக்கில் வரவழைக்கிறார்கள். ஆயினும் அளவுகளும், அவற்றில் எவ்வளவு கூடுதல் குறைவு செல்லும் என்ற வரம்பும், மேற்பரப்பின் மெருகும் எழுதப்பட்டுப் பட்டறைக்குச் செல்லும் தாள் பெரும்பாலும் அந்தப் பழைய மூன்று தோற்றங்களோடுதான் செல்கிறது.

ஆகவே தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் பிள்ளைகளும், வெளிநாட்டு யந்திரத்துக்கு உதிரி பாகம் செய்விக்க நேரும் சிறு பட்டறைக்காரர்களும் ஒன்றை வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும். படம் கைக்கு வந்ததும், அளவுகளைப் படிக்குமுன், அதன் கீழ்மூலைப் பெயர்க்கட்டத்தில் முனை வெட்டிய கூம்பின் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டை வட்டம் கூம்பின் சிறிய முனைப் பக்கம் நின்றால் மூன்றாங்கோணம். பெரிய முனைப் பக்கம் நின்றால் முதற்கோணம். சின்னமே இல்லையென்றால், வரைந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை இரும்பில் கை வைக்காதீர்கள்.